‘போலி’க் குரல்களும் நோய்ப்பெயரின் அதிகாரமும்: எல்லைநிலை ஆளுமைக் கோளாறு குறித்த எழுத்துகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உடையோருள் ஒரு பகுதியினர் பிறர் கேளாத குரல்களைக் கேட்கின்றனர். மனநல மருத்துவம் நெடுங்காலமாக இக்குரல்களைப் ‘போலி’ என்னும் அடைமொழியால் குறித்து வந்துள்ளது. அவ்வடைமொழியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, சூசன்னா கேசனின் ‘கேர்ள், இன்டரப்டட்’ (1993), ஜோன் கிரீன்பெர்க்கின் ‘ஐ நெவர் ப்ராமிஸ்ட் யூ அ ரோஸ் கார்டன்’ (1964) ஆகிய இரு அமெரிக்க நூல்களைக் குரல் கேட்டல் என்னும் நோக்கில் இக்கட்டுரை வாசிக்கிறது. கேட்கப்படும் குரலின் நம்பகத்தை அக்குரலின் இயல்பைக் காட்டிலும் கேட்பவருக்கு இடப்பட்ட நோய்ப்பெயரே முடிவு செய்கிறது என்பது கட்டுரையின் வாதம். தமிழில் இத்துறைக்கு வழங்கும் கலைச்சொற்கள் சிலவும் இவ்வாதத்தின்வழி மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குரல் கேட்டல், எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, போலி மாயப்புலனுணர்வு, தன்வரலாறு, உளவியல் திறனாய்வு

முன்னுரை

தமக்குக் குரல் கேட்பதாக ஒருவர் மருத்துவரிடம் கூறினால், அக்குரல் தலைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பது வழக்கமாக எழும் வினாக்களுள் ஒன்று. அது என்ன சொல்கிறது, யாருடைய குரல் போல் இருக்கிறது என்பவை பெரும்பாலும் அதன் பின்னரே வரும். இந்த வரிசையைச் சிறிய நடைமுறைச் செய்தி என்று கடந்துவிட இயலாது. முதல் வினாவின் விடையைக் கொண்டு குரல் ‘மெய்யான’ மாயப்புலனுணர்வாகவோ போலியாகவோ பதிவு பெறுகிறது. நோயாளிக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்னும் பெயர் முன்னரே இடப்பட்டிருப்பின், வினாவே தேவையற்றதாகிவிடுவதும் உண்டு. அவர் கேட்பது போலியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்ளப்படும். ‘கவனத்தை ஈர்க்கச் சொல்கிறார்’ என்னும் எண்ணம் இந்நோய்ப்பெயரோடு எளிதில் ஒட்டிக்கொள்வது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடும் குரலைக் கேட்கும் ஒருவருக்கு, அக்குரலைத் தாங்குவதற்கும் மேலாக, அதைக் கேட்கிறேன் என்பதை மெய்ப்பிக்கும் சுமையும் சேர்ந்துவிடுகிறது.

இச்சிக்கலைத் தமிழில் பேசத் தொடங்கும்போதே சொற்கள் இடறுகின்றன. மாயப்புலனுணர்வுக்குப் பெரிதும் வழங்கும் சொல் ‘மாயத்தோற்றம்’. தோற்றம் கண்ணுக்கு உரியது. எனவே குரலைக் குறிக்க ‘செவிவழி மாயத்தோற்றம்’ என்று எழுத நேர்கிறது. செவிக்குத் தோற்றம் ஏது? ‘அசரீரி’ நம் கதைமரபில் ஊன்றிய சொல். ஆனால் அசரீரி ஊரறியப் பேசுவது. தேவகியின் திருமண ஊர்வலத்தில் கம்சன் கேட்ட அசரீரியை அவனுடைய செவிக்கோளாறு என்று கதைக்குள் எவரும் சொல்வதில்லை. கதையின் போக்கே அதற்குச் சான்றாகிவிடுகிறது. ஒருவர் மட்டுமே கேட்டு, சான்றுக்கு ஒருவரையும் அழைக்க இயலாத குரலுக்கு அச்சொல் பொருந்தாது. நெதர்லாந்தில் மாரியஸ் ரோம், சாண்ட்ரா எஷர் ஆகியோர் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, குரலை நோயின் அறிகுறி என்று முன்கூட்டியே முத்திரையிடாமல், குரல் கேட்பவர் என்றே ஒருவரைக் குறித்தது. அதனையொட்டிக் ‘குரல் கேட்டல்’ என்னும் எளிய தொடரையே இக்கட்டுரை ஆள்கிறது. நோய்ப்பெயரைப் பொறுத்தவரை ‘எல்லைநிலை’ என்பது ‘விளிம்புநிலை’ என்பதைவிட ஏற்றது. பின்னது நம் திறனாய்வுலகில் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. மருத்துவத்திற்கும் அதையே ஆண்டால் இரு பொருளும் குழம்பும்.

எல்லைக்கோட்டில் பிறந்த நோய்ப்பெயர்

எந்த எல்லை என்னும் வினா இப்பெயரின் பிறப்போடு தொடர்புடையது. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், நரம்புத்தளர்ச்சி வகையிலும் உளப்பிணி வகையிலும் அடங்காத நோயாளிகளை எல்லைக்கோட்டுக் குழுவினர் என்றார். 1967இல் ஓட்டோ கெர்ன்பெர்க் இதனை ஆளுமையின் ஓர் அமைப்பாக விளக்கினார். 1975இல் கண்டர்சன், சிங்கர் இருவரும் அதுவரையிலான விவரிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். தன் மூன்றாம் பதிப்பில், 1980இல், இதற்குத் தனியிடம் அளித்தது.

ஆக, உளப்பிணிக்கு இப்புறம் நிற்பது என்பதே இப்பெயரின் வரையறை. குரல் கேட்டலோ உளப்பிணியின், குறிப்பாக மனச்சிதைவின், அடையாளமாகக் கருதப்பட்டது. எல்லைநிலையினர் குரல் கேட்டால் எல்லை என்னாவது? கையேடு இவ்வினாவைச் சற்றே ஒதுங்கிக் கடந்தது. 1980, 1987 ஆண்டுகளின் பதிப்புகளில் இந்நோய்க்குரிய அளவுகோல்கள் எட்டு. அவற்றுள் புலனுணர்வு பற்றி எதுவுமில்லை. 1994இல் வந்த நான்காம் பதிப்பு ஒன்பதாவது அளவுகோலைச் சேர்த்தது: நெருக்கடியின்போது தோன்றி மறையும் ஐயவுணர்வு, அல்லது கடுமையான விலகல்நிலை. அங்கும் குரல் இல்லை. அளவுகோல்களுக்கு வெளியே, உடன்காணப்படும் கூறுகள் பற்றிய விளக்கப் பகுதியில்தான், நெருக்கடிக் காலத்தில் சிலருக்கு மாயப்புலனுணர்வு போன்றவை தோன்றலாம் என்ற குறிப்பு இடம்பெற்றது. திண்ணையில் இருக்கலாம், வீட்டுக்குள் வரக்கூடாது என்பது போன்ற இடம் அது.

‘போலி’ என்னும் அடை

போலி மாயப்புலனுணர்வு என்னும் கருத்துக்கு விரிவான வடிவம் தந்தவர் விக்டர் கண்டின்ஸ்கி என்னும் உருசிய மனநல மருத்துவர். அவருடைய நூல் ஜெர்மன் மொழியில் 1885இல் வெளிவந்தது. அவர் தாமே உளப்பிணிக்கு ஆளாகி, மாயப்புலனுணர்வுகளை அனுபவித்தவர். அவ்வனுபவம் அவருடைய ஆய்வுக்கு மூலப்பொருளாயிற்று. நினைவுக்கும் கற்பனைக்கும் மேற்பட்ட தெளிவோடு, தன் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல், எனினும் வெளியுலகப் பொருளின் தன்மை பெறாமல் தோன்றுபவற்றைப் பிரித்தறியவே அவருக்கு அச்சொல் தேவைப்பட்டது. கேட்டவர் ஒருவர் தாம் கேட்டதை நுட்பமாகப் பகுக்க ஆண்ட சொல் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கார்ல் யாஸ்பெர்ஸ் 1913இல் எழுதிய பொது உளநோயியல் நூலில் இதனைப் புறவெளி, அகவெளி என்னும் பாகுபாடாக நிலைநிறுத்தினார்.

பின்னர் இச்சொல் தடம் மாறியது. குரல் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு பொருள். அது மெய்யன்று என்பதைக் கேட்பவர் அறிந்திருக்கிறாரா என்பது மற்றொரு பொருள். இரண்டும் வேறுவேறு. தலைக்குள் ஒலிக்கும் குரலை முற்றிலும் நம்புபவரும் உண்டு. தெருவிலிருந்து வரும் குரலை நம்பாதவரும் உண்டு. மருத்துவக் குறிப்புகளில் இவ்விரு பொருளும் கலந்து, மூன்றாவதாக ஒன்று பிறந்தது: பொருட்படுத்த வேண்டாதது.

நெதர்லாந்தில் ஸ்லோட்டெமாவும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூன்றாம் பொருளை நேரடியாகச் சோதித்தது. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உடைய, குரல் கேட்கும் 38 பெண்களின் அனுபவத்தை மனச்சிதைவு வகை நோயுடையவர்களின் அனுபவத்தோடும், நோயேதுமின்றிக் குரல் கேட்பவர்களின் அனுபவத்தோடும் அவர்கள் ஒப்பிட்டனர். எல்லைநிலையினர் சராசரியாக 18 ஆண்டுகளாகக் குரல் கேட்டுவந்தனர். நாளுக்கு ஒரு முறையேனும், சில நிமிடங்களுக்குக் குறையாமல் கேட்டனர். அதனால் அவர்கள் அடைந்த துன்பமும் மிகுதி. அன்றாட வாழ்க்கை குலைவது ஒன்றில்தான் மனச்சிதைவுக் குழு வேறுபட்டு நின்றது. இங்கிலாந்தில் கிங்டனும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்விலும் இரு நோயினரின் குரல் அனுபவமும், அது ஒலிக்கும் இடமும் வேறுபடவில்லை. குழந்தைப் பருவத்தில் உளரீதியாக வதைக்கப்பட்டமை எல்லைநிலையினரிடம் மிகுந்திருந்தது. நெருக்கடியில் தோன்றி விரைவில் மறைவது என்னும் கையேட்டு வாசகத்தின் அருகில் 18 ஆண்டுகள் என்னும் எண்ணை வைத்துப் பார்த்தால் இடைவெளி புலப்படும்.

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு துணை தருகிறது. இன்றைய வழக்கில் போலி என்றால் கள்ளப் பொருள்: போலி மருந்து, போலிச் சான்றிதழ். இலக்கணத்தில் அவ்வாறன்று. நன்னூல் எழுத்தியல்வழி நாம் கற்பிக்கும் கடைப்போலியில் அறம் என்பது அறன் என்றும், நிலம் என்பது நிலன் என்றும் வரும். மகரத்தின் இடத்தில் னகரம் நிற்கிறது, பொருள் குன்றுவதில்லை. அறன் என்பதைப் பொய்யான அறம் என்று எந்த மாணவரும் உரைகொள்ளார். ஓரிடத்தில் நின்று அதே பணியைச் செய்வது போலி. எல்லைநிலையினரின் குரல்களுக்கு அடைமொழியைக் கைவிடாமலே ஆள வேண்டுமெனில் இந்த இலக்கணப் பொருளில் ஆளலாம். மேற்கண்ட ஆய்வுகள் காட்டுவதும் ஏறத்தாழ அதுவே. எனினும் வகுப்பறைக்கு வெளியே இப்பொருளை எத்தனை பேர் நினைவில் கொள்வர் என்ற ஐயமும் எழாமலில்லை.

கேட்கவில்லை என்னும் சாட்சியம்

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு பற்றி எழுதப்பட்ட தன்வரலாறுகளுள் மிகுதியும் வாசிக்கப்பட்டது ‘கேர்ள், இன்டரப்டட்’. கேசன் தம் 18ஆம் வயதில், 1967 ஏப்ரலில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள மக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தார். 25 ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு தம் மருத்துவப் பதிவேட்டைப் பெற்று, அதன் தாள்களை நூலின் இடையிடையே அப்படியே அச்சிட்டார். 1987ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்து தம் நோயின் விவரத்தையும் முழுமையாக எடுத்துத் தந்து, அடுத்த இயலில் அதற்கு உரை எழுதினார். அவ்வுரை நம் உரைமரபினருக்கு உவப்பானது: மூலத்தின் ஒவ்வொரு தொடரையும் நிறுத்தி, இது யாரைக் குறித்தது, ஏன் பெண்களிடம் மிகுதி என்கிறது, ஆணின் நடத்தைக்கு ஏன் இப்பெயர் வருவதில்லை என்று வினவுகிறது.

அவர் உரை எழுதிய மூலத்தில் எட்டு அளவுகோல்களே இருந்தன என்பதை வாசகர் கருத வேண்டும். நூல் 1993இல் வந்தது. ஒன்பதாவது அளவுகோல் மறு ஆண்டு சேர்ந்தது. எனவே தம் புலனனுபவங்களை அவர் விவரிக்கும் இடங்களுக்கு, அவர் மறுத்துரைக்கும் கையேட்டில் இணையான வரி எதுவும் இல்லை. அவை உரைக்கு வெளியே தனித்து நிற்கின்றன. தரைவிரிப்பு, தரையோடு, திரைச்சீலை ஆகியவற்றின் கோலங்களுக்குள் வேறு பொருள்கள் நெரிசலிட்டுத் தெரிந்ததை அவர் எழுதுகிறார். உடனே, தாம் பார்ப்பது தரையே, திரையே என்பதை எப்போதும் அறிந்திருந்ததாகவும், ஆகவே அது மாயப்புலனுணர்வு அன்று என்றும் தெளிவுபடுத்துகிறார். தம் கைக்குள் எலும்பு இல்லையோ என்று அஞ்சிய நிகழ்ச்சியையும் எழுதுகிறார். அங்கும் ‘நான் அறிந்திருந்தேன்’ என்னும் நிலைப்பாடு கைவிடப்படுவதில்லை.

இந்நிலைப்பாட்டின் தேவையை உணர முடிகிறது. தம்மை மருத்துவமனைக்கு அனுப்பிய மருத்துவர் மூன்று மணி நேரம் பேசியதாகக் கூற, தாம் நினைவுகூர்வது 20 நிமிடமே என்று வாதாடும் இயல் ஒன்று நூலில் உண்டு. பதிவேட்டின் நேரக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டு, அவரை நம்புகிறாயா என்னை நம்புகிறாயா என்று அவர் வாசகரையே கேட்கிறார். நூல் முழுவதும் ஒரு வழக்கு. வழக்கில் சாட்சியின் புலன்கள் ஐயத்திற்கு இடமற்றவையாக இருத்தல் வேண்டும். குரல் கேட்டதாக ஒரு வரி எழுதினாலும் மூன்று மணி நேரம் வென்றுவிடும்.

என் மாறுபாடு இங்கேதான். கேசனின் வாதம் வலிமை பெறுவது மாயப்புலனுணர்வு இல்லாமையை நம்பகத்தின் உரைகல்லாக்குவதால். அதே உரைகல்தான் அதே நோய்ப்பெயர் பெற்று, உண்மையிலேயே குரல் கேட்கும் பிறரை நம்பத்தகாதவர் ஆக்குகிறது. நூல் மருத்துவத்தின் பல அளவுகோல்களை உடைக்கிறது. இந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கிப் பயன்படுத்திக்கொள்கிறது. இது அவருடைய நேர்மைக் குறைவு ஆகாது. அவர் கேட்காததைக் கேட்டதாக எழுத வேண்டிய கடப்பாடு இல்லை. ஆனால் இந்நூலையே இந்நோயின் இலக்கிய முகமாகக் கொண்டு, எல்லைநிலையினர் குரல் கேட்பதில்லை என்று திறனாய்வாளர் முடிவு கட்டுவதற்கு இடமில்லை.

நூலின் உள்ளடக்கம் மறுப்பதை அதன் வடிவம் மறுக்கவில்லை என்பதும் கவனத்திற்கு உரியது. மனத்தின் வேகம் பற்றிய இயலில், செவிலியர் அறை முன் உட்கார்ந்து அலுத்துவிட்டது என்னும் எளிய எண்ணம் ஒன்று துண்டு துண்டாக உடைந்து, சுழன்று, தன்னையே பழிக்கும் சொற்களில் வந்து முடிகிறது. அதை எண்ணம் என்கிறார் ஆசிரியர். எழுத்தில் அது வசையாகவே ஒலிக்கிறது. தலைக்குள் ஒலிக்கும் வசைக்கும் குரலுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. மனமும் மூளையும் பற்றிய இயலில் தலைக்குள் இரு விளக்குநர்கள் உரையாடுகின்றனர். மூலையில் புலி இருப்பதாக ஒருவர் சொல்ல, அது அலமாரி என்று மற்றவர் திருத்துகிறார். மனநோயில் பெரும்பகுதி இவ்விருவருக்கும் இடையிலான செய்தித்தொடர்பு பழுதுபடுவதாக இருக்கலாம் என்பது கேசனின் கருதுகோள். மாயப்புலனுணர்வு பற்றி இவ்வளவு நகைச்சுவையோடும் இவ்வளவு துல்லியத்தோடும் எழுதப்பட்ட பக்கங்கள் அரிது. தாம் கேட்டதில்லை என்று கூறுபவர் அதைக் குரல்களாகவே நாடகமாக்கியிருக்கிறார்.

இன்னொன்று: நூலில் அச்சிடப்பட்ட மருத்துவத் தாள்கள் என்ன செய்கின்றன? அவை அவளைப் படர்க்கையில் பேசுகின்றன. அவள் செய்வதை உடனுக்குடன் விமர்சிக்கின்றன. கூர்ட் ஷ்னைடர் மனச்சிதைவின் முதல்நிலை அறிகுறிகளாக வகுத்தவற்றுள், நோயாளியைப் பற்றித் தம்முள் பேசிக்கொள்ளும் குரல்களும், அவர் செயல்களுக்கு உடனுக்குடன் விமர்சனம் கூறும் குரல்களும் அடங்கும். குறிப்பேட்டின் இலக்கணமும் இதுவே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதவைத் திறந்து சரிபார்த்துச் செல்லும் செவிலியரின் ஒற்றைச் சொல்லும் ஓர் இயல் முழுவதும் ஒலிக்கிறது. வெளியிலிருந்து வந்து, விருப்பத்திற்குக் கட்டுப்படாமல், இடைவிடாது ஒலித்த குரல் கேசனுக்கும் இருந்தது. அது நிறுவனத்தின் குரல்.

பெயர் மாறினும் மாறாத குரல்

கேசனுக்கு ஒரு தலைமுறை முன்பு, ‘ரோஸ் கார்டன்’ நாவல் குரல்களை நடுவில் வைத்தது. 1964இல் ஹன்னா கிரீன் என்னும் புனைபெயரில் வெளிவந்த இந்நாவல், மேரிலாந்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மனிடம் சிகிச்சை பெற்ற கிரீன்பெர்க்கின் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. 16 வயது டெபோராவுக்குள் இர் என்னும் நாடு இருக்கிறது. அதற்குத் தெய்வங்களும் தனிமொழியும் உண்டு. அத்தெய்வங்களைக் காட்டிலும் அவளை வாட்டுவது ‘கலெக்ட்’ எனப்படும் திரள். உறவினர், ஆசிரியர், பள்ளித்தோழர் எல்லோரும் ஒன்றுதிரண்டு அவளுக்கு ஓயாது தீர்ப்பளித்துச் சபிக்கும் கூட்டம் அது. யூதப் பெண் என்பதால் கோடைமுகாமில் பட்ட இழிவும், ஐந்து வயதில் நடந்த அறுவைசிகிச்சையில் பெரியவர்கள் சொன்ன பொய்யும் நாவலில் அக்குரல்களுக்குப் பின்னணியாக அமைகின்றன. டாக்டர் ஃப்ரீட் இர் நாட்டை மெய்யென ஏற்பதுமில்லை. அவள் விருப்பத்திற்கு மாறாக அதைப் பிடுங்குவதுமில்லை. குரல் உள்ளா வெளியா என்பதைவிட அது என்ன சொல்கிறது என்பதில்தான் அவர் நாட்டம் கொள்கிறார். முன்னுரையில் சுட்டிய வினாவரிசை இங்கே தலைகீழாகிறது.

நாவலில் டெபோராவின் நோய் மனச்சிதைவு. 1981இல் நார்த், கடோரெட் என்னும் இருவர் மனச்சிதைவு பற்றிய தன்னனுபவ நூல்கள் சிலவற்றை டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பின் அளவுகோலால் மறுபடி அளந்தனர். கிரீன்பெர்க்கின் நூலில் காண்பது மனச்சிதைவு அன்று. கடும் மனச்சோர்வும் உடல்வழி வெளிப்படும் கோளாறும் என்பது அவர்கள் முடிவு. அம்மறுவாசிப்பு சரியா தவறா என்பது இங்கு நோக்கமன்று. நோய்ப்பெயர் மாறிய பின்னும் நாவலின் ஒரு வரியும் மாறவில்லை. கலெக்ட் அதே சொற்களில் அதே பெண்ணைச் சபித்துக்கொண்டிருக்கிறது. 1964இல் அக்குரல் மனச்சிதைவின் மெய்யான அறிகுறி. 1981இல் பெயர் போனதும் அது எங்கே போய்ச் சேர்வது? அளவுகோல்களிடம் விடையில்லை. கதைமாந்தர் ஒருவர் குரல் கேட்டதுமே மனச்சிதைவு என்று பெயரிட்டு நிறைவடையும் உளவியல் திறனாய்வுகள் நம்மிடையே வந்தவண்ணம் உள்ளன. அவற்றுக்கு இந்நாவலின் பிற்கால வரலாறு ஓர் எச்சரிக்கை. பெயரிட்ட பிறகும் குரலை வாசிக்கும் வேலை முழுவதும் எஞ்சியிருக்கிறது.

யாருடைய குரல்

கலெக்ட் உறவினரும் ஆசிரியரும் கூடிய திரள் என்பது சென்னையில் நடந்த ஓர் ஆய்வை நினைவூட்டுகிறது. மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பத்மாவதி, ஹேமா தாரூர் ஆகியோரும் கானாவின் ஆய்வாளர் ஒருவரும் இணைந்து 2015இல் வெளியிட்டது அது. கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில், இடத்திற்கு 20 பேராகக் குரல் கேட்போரிடம் உரையாடினர். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் உறவினரின் குரலைக் கேட்டனர். அக்குரல்கள் திட்டின; கூடவே வீட்டுவேலையை நினைவூட்டின, அறிவுரையும் கூறின. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முன்பின் அறியாத குரல்களின் வன்முறையைப் பேசியதோடு, தம் நோயின் பெயரையும் தயங்காமல் கூறினர். அக்ராவில் இறைவனின் குரல் மேலோங்கியது.

இவ்வாய்வு மனச்சிதைவுக்குரிய அளவுகோல்களுக்கு உட்பட்டவர்களைப் பற்றியது. எல்லைநிலையினரை அது ஆராயவில்லை. ஆகவே அதன் முடிவுகளை இங்கே அப்படியே ஏற்றிக் கூறுவது முறையன்று. தமிழர்க்குக் குரல்கள் இதமானவை என்று எளிமைப்படுத்துவதும் தவறு. மாமியாரின் குரல் திட்டும்போது அது இதமென்று எவர் சொல்வார்? ஆயினும் ஆய்வு முன்வைக்கும் வினா பயனுடையது. குரலுக்கு முகம் உண்டா, உறவு உண்டா, அதனோடு பேச முடியுமா என்று அது கேட்கிறது. குழந்தைப் பருவத்தின் வதை எல்லைநிலையினரிடம் மிகுந்திருப்பதைக் கிங்டன் முதலியோர் கண்டதை இதனோடு சேர்த்துக் காண வேண்டும். வதைத்தவர் வீட்டினராயின், குரலின் முகம் அறிந்த முகமாகவே இருக்கக்கூடும். தமிழ்க் குடும்பச் சூழலில் அத்தகைய குரலைக் கேட்கும் ஒரு பெண், ‘அம்மா பேசுவது கேட்கிறது’ என்று சொன்னால் அது நோயாகவும் கொள்ளப்படாமல் வதையாகவும் கொள்ளப்படாமல் மகளின் பாசமாகக் கடந்துபோகும் வாய்ப்பும் இருக்கிறது. இவ்விடத்தில் களஆய்வு தேவை. இலக்கிய வாசிப்பு அதன் தொடக்கத்தைத்தான் தரமுடியும்.

மீண்டும் கேசனின் நூலுக்கு வருவோம். அதன் தலைப்பு நியூயார்க் ஃப்ரிக் காட்சியகத்திலுள்ள வெர்மீர் ஓவியம் ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. இசைப்பயிற்சியின் நடுவே இடைமறிக்கப்பட்ட பெண் என்பது ஓவியத்தின் பெயர். கேசன் இசையை விட்டுவிட்டு, பெண்ணையும் இடைமறிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். 17ஆம் வயதில், தம் ஆங்கில ஆசிரியரோடு சென்றபோது முதலில் அதைப் பார்க்கிறார். அந்தப் பெண் தாளிலிருந்து தலை நிமிர்ந்து தம்மையே நோக்குவதாகவும், வேண்டாம் என்று எச்சரிக்க மூச்சிழுத்திருப்பதுபோல் அவள் வாய் சற்றே திறந்திருப்பதாகவும் அவருக்குப் படுகிறது. அந்த எச்சரிக்கைக்கு அவர் செவிகொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மறுபடி அங்கே நிற்கும்போதுதான் ஓவியத்தின் பெயரையே படிக்கிறார். குரல் எதையும் கேட்டதில்லை என்பதில் அத்தனை உறுதியாக நின்ற நூல், தான் கேட்கத் தவறிய ஒரு குரலின் முன் வந்து முடிகிறது.